சூரியனுக்கு முந்தின விடியல்

இப்போதெல்லாம் யார் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குக் கை தட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி அண்ணன்காரர் கல்லூரி அரங்கத்தை விட்டு வெளியே வந்தார். உள்ளே, பைபிள் பேராசிரியரான அவர் தம்பிக்குப் பணி நிறைவு விழா.

மேடையில் தம்பி பழைய கதையை அவிழ்த்துவிட்டிருந்தான். சின்ன வயதில், "கடவுள் சூரியனை நாலாம் நாள்தான் படைச்சார்னு பைபிள்ல இருக்கே, முதல் நாள் எப்படி விடிஞ்சுது?" என்று இவன் கேட்டானாம். "அம்மா அடுப்பு பத்த வெச்சா நம்ம வீட்ல விடிஞ்சாச்சு. சூரியனையா கேக்குறா?" என்று அண்ணன் சொன்னாராம். அரங்கமே சிரித்தது; தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். அம்மாவைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டானே என்று அவருக்குச் சுருக்கென்றது.

தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். "கேலி பண்ணலண்ணே. விஞ்ஞானம், பைபிளோட மூல மொழி எபிரேயம்னு காலமெல்லாம் படிச்சுப் பாத்துட்டேன். அந்தப் பதில்தான் இன்னும் மனசுல நிக்குது."

"அப்போ நீ ஏன்டா சிரிச்ச?"

"நாம ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள அடுப்போரம் ஒட்டி உக்காந்திருந்தது ஞாபகம் வந்துடுச்சு."

அவருக்கும் வந்தது. அந்தப் புகைகூடக் கண்ணில் கரித்தது.

"பேசியே பொழைச்சவனாச்சே, சொல்லுவடா!" என்று குடையை இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.