ஐந்தாவது ராக்

முதல் லாரி காலை ஏழு மணிக்குப் பெரம்பலூரை விட்டுக் கிளம்பியது. அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக முடிந்தது. லாரியின் மேல் இரண்டு இரும்பு ராக்குகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். ஏசி காற்று போகும் தகர டக்ட், தீயணைப்புக் குழாய், ஆக்சிஜன் குழாய், ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்கான குழாய், மின்கம்பிகளுக்கான தட்டு எல்லாம் அந்தச் சட்டங்களுக்குள் அதனதன் இடத்தில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன.

லாரிக்குப் பின்னால் பட்டறை முதலாளி வைரக்கண்ணு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் கலையரசி. அவள் காலடியில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி கிடந்தது.

"இது என்னாண்ணே?"

"கத்திரி, கிரைண்டரு. சும்மா கெடக்கட்டும்."

"வெட்டாம ஏத்துறோம்னுதானே சொல்லிருக்கோம்?"

"சொன்னது நீ. ஏத்தப் போறது நானு. பொட்டி பாட்டுக்குக் கெடக்குது, ஒன்னைய என்னா பண்ணுது?"

வைரக்கண்ணு இருபது வருடம் மக்காச்சோளம் அடிக்கும் மெஷின்களுக்குத் தகரக் குழாய் செய்தவர். ஏசி டக்ட் பக்கம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கலையரசிக்கு வாலிகண்டபுரம். சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடம் உட்கார்ந்து வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரிகளைக் கம்ப்யூட்டருக்குள் கட்டியவள். அந்தத் தொழிலில் அதை 'பிம்' என்பார்கள். சுவர், உத்தரம், குழாய், கம்பி என்று கட்டடம் முழுவதையும் அளவு மாறாமல் கணினியில் முதலில் ஒரு மாடலாகக் கட்டிவிடுவது. எந்தக் குழாய் எந்த உத்தரத்தில் இடிக்கும் என்பது சிமெண்ட் குழைப்பதற்கு முன்பே சிவப்பாகத் தெரிந்துவிடும். தகரத்தை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்ற கணக்கும் அதிலிருந்தே பட்டறை மெஷினுக்குப் போகும். ஆறு வருடத்தில் பல்லாயிரம் குழாய்களை வரைந்திருந்தாள். அதில் ஒன்றைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. வைரக்கண்ணுவின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

அரியலூரில் எழும்பிக்கொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரியின் முதல் மாடி வேலை அவர்களுக்குக் கிடைத்தது. கான்டிராக்டர் கம்பெனியின் மேனேஜர் அசோக் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். முப்பத்தாறு மீட்டர் காரிடாரில் ஆறு ராக்குகளும் ஒரே நாளில் ஏற வேண்டும். ஓர் இடத்திலும் வெட்டு, ஒட்டு கூடாது. ஏறினால் மற்ற மூன்று மாடிகளும் பெரம்பலூருக்கு. ஏறாவிட்டால் மறுநாளே சென்னை ஆட்கள் டேப்போடு வந்து, வழக்கம்போல ஒவ்வொரு குழாயாக அளந்து, அங்கேயே வெட்டி மாட்டுவார்கள்.

ஒரு ராக்கை முதலில் செய்து, ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் செய்யலாம் என்றுதான் வைரக்கண்ணு சொன்னார். கலையரசி கேட்கவில்லை. "மாடல் சரின்னா ஆறும் சரிண்ணே. தப்புன்னா அந்த ஒண்ணும் தப்புதான்." பட்டறையின் பதினோரு பேரும் மூன்று வாரம் வேறு எதையும் தொடாமல் ஆறையும் செய்து முடித்தார்கள்.

ஒன்பது மணிக்கு முதல் ராக் செயின் பிளாக்கில், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியில், மேலே போனது. கட்டடத்தில் ஒவ்வொரு தூணிலும் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் போடுகிற கோடு. எல்லா வேலைக்காரர்களும் அதிலிருந்துதான் உயரம் அளப்பார்கள். கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் மேலே ராக்கின் அடிப்பாகம் வர வேண்டும். வந்தது. கூரையிலிருந்து தொங்கிய கம்பிகளில் நட்டை முடுக்கினார்கள். இரண்டாவது ராக் அதன் பக்கத்தில் போய் நின்றபோது, பட்டறையின் ஃபிட்டர் தமிழ்மாறன் ஏணியில் நின்றபடி போல்ட்டை ஓட்டைக்குள் விரலால் தள்ளினான். அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"சுத்தியலே வேணாம் போலருக்கேண்ணே!"

"வாய மூடிக்கிட்டு அடுத்தத மாட்டுடா. கண்ணு வெக்காத" என்றார் வைரக்கண்ணு.

மதியம் ஒரு மணிக்குள் நான்கு ராக்குகள் ஏறிவிட்டன. அசோக் இரண்டு முறை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஐந்தாவது ராக் இடித்தது.

அதன் ஒரு முனை நான்காவதோடு ஒழுங்காகச் சேர்ந்தது. மறுமுனை ஆறாவது தூணின் உத்தரத்தில் முட்டி நின்றது. தூணின் கோட்டுப்படி இன்னும் ஓர் அங்குலம் மேலே போக வேண்டும். மேலே போக இடமில்லை.

அசோக் வந்து உத்தரத்தைக் கைகாட்டினான். "என்ன மேடம், கம்ப்யூட்டர்ல பீம் இல்லையா?"

"இருக்கு சார். பீமுக்குக் கீழ ஒரு இஞ்ச் விட்டுருக்கேன்."

"இங்க வந்து பாருங்க, உங்க ஒரு இஞ்ச்சை. டக்ட்டை வெட்டி இறக்குங்க. வைரக்கண்ணு, கிரைண்டர் எடுங்க."

வெட்டினால் நிபந்தனை முறிந்தது. கலையரசி வைரக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பெட்டியின் சாவி அங்கேதான் இருந்தது. ஒரு நிமிடம் கை அப்படியே நின்றது.

"பொட்டி சாவிய பெரம்பலூர்லயே வெச்சிட்டு வந்துட்டேன் சார்" என்றார்.

"கிரைண்டரோட வந்து சாவியை விட்டுட்டு வந்தீங்களா?"

"வயசாவுதுல்ல சார்."

அசோக் தலையில் அடித்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேலை நடக்கும் இன்னொரு சைட்டிலிருந்து கிரைண்டர் வாங்கி வர ஆள் அனுப்பினான். "அரை மணி நேரம். வந்ததும் வெட்டுறோம்."

கலையரசி ஏணியில் ஏறினாள். உத்தரத்தின் ஆழத்தை அளந்தாள். மாடலில் அறுபது சென்டிமீட்டர்; இங்கேயும் அறுபது. அப்படியென்றால் உத்தரம் தவறில்லை. ராக்கை அளந்தாள். அதுவும் சரி. அடுத்து, உத்தரத்தின் அடியிலிருந்து சிவப்புக் கோடு வரை அளந்தாள். ஐந்தாவது தூணில் ஒரு அளவு வந்தது. ஆறாவது தூணில் அதைவிட இரண்டு அங்குலம் குறைந்தது. ஏழாவதிலும் அதே குறை. ஒன்று, உத்தரம் இறங்கியிருக்க வேண்டும். இல்லை, கோடு ஏறியிருக்க வேண்டும்.

"கொத்தனார் மேஸ்திரி எங்க?"

மேஸ்திரி வீரமணி உடையார்பாளையத்துக்காரர். சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டே வந்தார். அவரிடம் தண்ணீர் நிரப்பிய நீளமான மட்டக் குழாய் இருந்தது. குழாயின் ஒரு முனையை ஐந்தாவது தூணில் அவர் பிடித்தார். மறுமுனையை ஆறாவது தூணில் கலையரசி பிடித்தாள். குழாய்க்குள் தண்ணீர் ஆடி நின்றது. அவர் பக்கம் கோட்டில் நின்ற தண்ணீர், அவள் பக்கம் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது.

"மேஸ்திரி, இந்தக் கோடு மேல ஏறியிருக்கே?"

"ஏறாதா பின்ன? தரை ஏறியிருக்குல்லம்மா. தரையிலேருந்துதானே ஒரு மீட்டரு?"

"தரை ஏன் ஏறியிருக்கு?"

வீரமணி அவளை விநோதமாகப் பார்த்தார். "அது கன்னி மூலைங்கம்மா. ரெண்டு இஞ்சி உசத்திப் போட்டேன். ஸ்ட்ரெச்சர் உருள்றதுக்குத் தோதா, தெரியாத மாதிரி சரிச்சு விட்டுருக்கேன் பாருங்க."

"யாரு சொன்னா?"

"இதப் போயி யாராச்சும் சொல்லணுமா? எந்த வூட்லம்மா கன்னி மூலை பள்ளமா இருக்கும்? ஒங்க வூட்ல எப்புடி?"

கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலிகண்டபுரத்தில் அவள் வீட்டின் தென்மேற்கு அறையில் பென்சிலைக் கீழே போட்டால் வாசற்படி வரைக்கும் உருண்டு வரும். இந்தக் கட்டடத்துக்கு மூன்று முறை வந்து, நாற்பது கேள்வி கேட்டு, தூணையும் உத்தரத்தையும் ஒன்று விடாமல் அளந்து போனவள் அவள். அப்போது தரைக்கு மேல்பூச்சு போட்டிருக்கவில்லை. கன்னி மூலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கேட்க வேண்டியிருக்கும் என்று இங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆள் கொண்டுவந்த கிரைண்டருடன் அசோக் திரும்பி வந்தபோது, ஆறாவது, ஏழாவது தூண்களில் நீலச் சாக்பீஸில் புதுக் கோடு போட்டிருந்தது. கலையரசி அவனை அழைத்துப்போய் மட்டக் குழாயைக் காட்டினாள்.

"ராக் சரி, பீம் சரி. மட்டம்தான் சார் மாறியிருக்கு. நீலக் கோட்டுக்குத் தொங்கவிட்டா போதும்."

அசோக் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். "அப்ப அந்த மூலையில ராக்குக்கு அடியில போடுற சீலிங் ரெண்டு இஞ்ச் கீழ வருமே?"

"சீலிங் ஒரே மட்டமாத்தான் போவும். தரைதான் கிட்டக்க வருது. ரெண்டு நாப்பதுக்கு பதிலா ரெண்டு முப்பத்தஞ்சு மீட்டர். கதவு ரெண்டு பத்துதானே? தட்டாது."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். போனில் வரைபடத்தைத் திறந்து கதவின் உயரத்தைச் சரிபார்த்தான். கிரைண்டரைத் தரையில் வைத்தான். "மாட்டுங்க. பாப்போம்."

தமிழ்மாறன் நட்டுகளைத் தளர்த்தினான். ஐந்தாவது ராக்கின் மறுமுனை மெல்ல இறங்கி நீலக் கோட்டின் கணக்குக்கு வந்து நின்றது. உத்தரத்துக்கும் ராக்குக்கும் நடுவில் வைரக்கண்ணு கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தார். ஓர் அங்குலம். கடைசி ராக்கைத் தூக்கும்போது கீழ்த்தளத்து பெயிண்டர்கள்கூட மேலே வந்து நின்றார்கள். செயினின் சத்தம் மட்டும் கேட்டது. ராக் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. தமிழ்மாறன் போல்ட்டை எடுத்தான். எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலால் தள்ளினான்.

போய்விட்டது. எட்டு போல்ட்டும் அப்படியே போயின.

பெயிண்டர்களில் ஒருவர் விசிலடித்தார். "இன்னும் முடியல" என்றாள் கலையரசி. ஆறாவது ராக்கின் முனையில் ஏறி, வடிநீர்க் குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். முதல் ராக்கின் கோடியில் வீரமணி காலி வாளியைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு மீட்டர். தண்ணீர் குழாய்க்குள் போகும் ஓசை ராக் ராக்காகத் தள்ளிப் போனது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"வந்துருச்சும்மா!" என்று அந்தக் கோடியிலிருந்து வீரமணி கத்தினார். "சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு!"

கலையரசி ஏணியிலிருந்து இறங்கவில்லை. ராக்கின் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். குழாய் சில்லென்று இருந்தது.

மணி ஐந்தரை. அசோக் காரிடாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டாவது மாடிக்கு எப்ப ஆரம்பிப்பீங்க?"

"திங்கக்கெழம" என்றார் வைரக்கண்ணு, அவன் வாக்கியம் முடிந்த அதே நொடியில்.

"ரெண்டாவது, மூணாவது, நாலாவது எல்லாத்துலயும் கன்னி மூலை ரெண்டு இஞ்சி உசத்திதாம்மா" என்றார் வீரமணி, சட்டையைப் பிழிந்துகொண்டே. "இப்பவே ஒங்க கம்ப்யூட்டர் பொட்டில ஏத்திக்குங்க. அப்பறம் மேஸ்திரி சொல்லலன்னு பேரு வரப்புடாது."

கலையரசி சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று மாடிகளிலும் தென்மேற்கு மூலையைப் பிடித்து இரண்டு அங்குலம் உயர்த்தினாள். எங்கேயும் சிவப்பு வரவில்லை.

"வேற ஏதாச்சும் இருக்கா மேஸ்திரி? நான் கேக்காதது?"

"இருக்கு. ஒக்காந்து ஒரு டீ குடிச்சா ஒவ்வொண்ணா சொல்றேன்."

வைரக்கண்ணு டீ வாங்கக் காசு எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். காசோடு சாவியும் வந்து டங்கென்று தரையில் விழுந்தது. அசோக் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தான்.

"பெரம்பலூர்லன்னீங்க?"

"அங்கதான் சார் இருந்துச்சு" என்று வைரக்கண்ணு கையை நீட்டினார். "இப்பத்தான் வந்து சேந்துச்சு போல."