யோகேஸ்வரியின் ஊக்கு

"உராய்வு காரணமாக" என்று பேப்பரில் போட்டிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எந்தப் பட்டாசுக் கம்பெனி வெடித்தாலும் அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். எது எதோடு உராய்ந்தது என்று எவனும் எழுத மாட்டான். இந்த முறை செத்தது மூன்று பெண்கள். காளிராஜின் மனைவி யோகேஸ்வரி ஒருத்தி, பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தம் ஒருத்தி.

காளிராஜ் தன்னைத்தான் நொந்துகொண்டான். இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு, தீபாவளி சீசன் முடியட்டும் என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவன் அவன். அவன் அப்பா சீனிச்சாமிக்கு அந்த வேதனையெல்லாம் இல்லை. "அவ நேரம் முடிஞ்சிருச்சுலே" என்றார். எழுபது வயதுக்கு அது போதுமானதாக இருந்தது. காளிராஜுக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது, கொஞ்சம் பொறாமையும்தான்.

ஒன்பது வயது மகள் ஐஸ்வர்யா வாயே திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வீட்டிலிருந்த ஊக்கையெல்லாம் பொறுக்கி முருங்கை மரத்தடியில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி செய்யுத?"

"அன்னைக்கு அம்மா சேலைக்கு நாந்தான் ஊக்கு குத்திவிட்டேன். இரும்பு உரசுனா வெடிமருந்து பத்திக்கிருமாம்ல."

காளிராஜ் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "கம்பெனி கேட்டுலயே ஊக்கு, வளையல் எல்லாத்தையும் கழட்டி டப்பாவுல வாங்கி வச்சுக்கிருவாக தாயி. உள்ள விடவே மாட்டாக."

"அப்ப அது டப்பாவுல இருக்குமாப்பா?"

உடனே சைக்கிளை எடுத்தான். கம்பெனிக்குச் சீல் வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் தங்கச்சாமி தன் கொட்டகையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே தூசிதான் இருந்தது.

"ஆர்டர் நெருக்கடியில எவன் செக் பண்ணுனான்? மூணு மாசமா இது சும்மாதான் கெடக்கு" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் ஓர் அட்டை ஊக்கு வாங்கினான். ஒன்றை மட்டும் பிய்த்து, பளபளப்புப் போகும்வரை மண்ணில் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"டப்பாவுலதான் இருந்துச்சு தாயி" என்று நீட்டினான். ஐஸ்வர்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. அவன் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப ஊக்கோட உள்ள போனது யாருப்பா? லட்சுமிகாந்தம் அத்தையா?"

பக்கத்து வீட்டில் லட்சுமிகாந்தத்தின் மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஊக்கு திரும்பவும் தன் பிள்ளையிடமே வந்துவிடும் என்று பயந்து, காளிராஜ் பேசாமல் இருந்தான்.