மட்டம் தெரியவில்லை

மனித இதயத்துக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை, ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல், கழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் கண்கள் இந்தப் பூமியில் ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. அந்த ஜோடியில் ஒன்றுக்குப் போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. மற்றதற்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

கண்களின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் தினமும் காலை ஒன்பது மணிக்கு இதய வார்டுக்குள் நுழைவார். பின்னால் ஆறு சின்ன டாக்டர்கள், ஆறு நோட்டுப் புத்தகங்கள். நோயாளியைக் கட்டிலில் பாதி சாய்த்துப் படுக்கவைத்து, முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துக் கழுத்தில் அடிப்பார். கழுத்து நரம்பில் ரத்தம் எந்த உயரம் வரை ஏறி நிற்கிறதோ அதுதான் மட்டம். அதை வைத்து, உள்ளே அழுத்தம் இத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்று ஓர் எண்ணைச் சொல்வார். ஸ்கேலைத் தொட்டு அவருக்குப் பல வருஷம் ஆயிற்று. எண் வந்ததும் ஆறு பேனாக்களும் ஒன்றாகக் குனியும்.

பதினோராம் கட்டிலில் ஒரு பிளம்பர் இருந்தார். கழுத்து என்ற பகுதியை ஆண்டவன் அவருக்கு ஒதுக்க மறந்து, தலையை நேராகத் தோளில் வைத்து முடுக்கியிருந்தான். பலவீனமான இதயம், உடம்பில் தண்ணீர் தங்கித் தங்கி மூச்சு முட்டும். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது வரவு. முதல் தடவை, "வத்திடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று பெரிய டாக்டர் டார்ச்சை அணைத்தார். பன்னிரண்டாம் நாள் பிளம்பர் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். இரண்டாம் தடவையும் வற்றியது. ஒன்பதாம் நாள் வந்தார். வற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது, எங்கிருந்து திரும்பி வருகிறது என்று பிளம்பரின் மனைவிக்கு மட்டும்தான் கவலை. பிளம்பருக்கு வேறு கவலை. மகளின் புது வீட்டில் சனிக்கிழமை முதல் முறையாகத் தண்ணீர் திறக்கிறார்கள். இவர் படுத்துக்கொண்டதால் குழாய் வேலை முழுவதையும் மச்சான் செய்திருந்தார். மச்சான் போட்ட இணைப்பில் ஒழுகாதது எது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருபவர், அதைக் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியுமா? இன்று வியாழன்.

"ஆறு," என்றார் பெரிய டாக்டர், டார்ச்சை அணைத்து. "வத்திடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு."

பிளம்பர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. மனைவி எழுந்து நின்றாள்.

"டாக்டர், ஆறு சென்டிமீட்டர் தண்ணின்னு சொல்றீங்களே, அது எந்த இடத்துல நிக்குது?"

"நிக்கலம்மா. அது ஒரு கணக்கு."

"போன தடவையும் கணக்குதான் சொன்னீங்க. ராத்திரி முழுக்க நாற்காலியிலயே உக்காந்து தூங்கறாரு. மாடிப்படி ஏழாவது படியில நின்னு, செவுத்துல பெயின்ட் உரியுதான்னு பாக்கற மாதிரி நடிக்கறாரு. எங்க வீட்டுச் செவுத்துல பெயின்ட் உரியவே இல்ல டாக்டர்."

"ஏய், சும்மா இரு," என்றார் பிளம்பர்.

"நான் சும்மா இருந்துதான் ரெண்டு தடவை ஆம்புலன்ஸு வந்துச்சு. சிஸ்டர், அலமாரியில இருக்கே, அந்த சின்ன மெஷின வெச்சு ஒரு தடவை பாருங்களேன்."

அந்த மெஷின் ஆஸ்பத்திரிக்கு வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு ஸ்கேன் கருவி. ஒயரை போனில் செருகினால் திரையில் உடம்பின் உள்பக்கம் தெரியும். சிஸ்டர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்திருந்தார். பெரிய டாக்டர் அதற்கு 'விளையாட்டுச் சாமான்' என்று பெயரிட்டதால் பஞ்சு, பிளாஸ்திரிகளோடு அலமாரியில் கிடந்தது. இப்போது ஆறு நோட்டுப் புத்தகங்களும் அவரைப் பார்த்தன. வேண்டாம் என்றால் பயந்ததுபோல் ஆகிவிடும்.

"தாராளமா பாருங்க," என்றார், விருந்தாளியை இலைக்கு அழைப்பவர்போல். "ஆறுன்னுதான் சொல்லும்."

சிஸ்டர் குளிர்ந்த ஜெல்லைத் தடவியதும் பிளம்பர் நெளிந்தார். கருவி காறை எலும்புக்கு மேலே உட்கார்ந்தது. திரையில் கறுப்பாக, காசு மாதிரி ஒரு வட்டம்.

"இதுதாங்கய்யா நரம்பு. உள்ள ரத்தம் இருக்கிற வரைக்கும் வட்டமா இருக்கும். மேல போகப் போக ஓர் இடத்துல சப்பையா மூடிக்கும். அதுதான் மட்டம்," என்றார் சிஸ்டர் பிளம்பரிடம்.

கருவி மேலே ஏறியது. வட்டம். இன்னும் மேலே. வட்டம். தாடையைத் தாண்டிக் காதுமடலுக்குக் கீழே போய் முட்டி நின்றது. அங்கேயும் வட்டம், கொஞ்சமும் மரியாதை இல்லாமல்.

"மட்டம் தெரியலையே சார்," என்றார் சிஸ்டர் மெதுவாக.

"நானும் அதைத்தானே சொன்னேன்? எனக்கும் மட்டம் தெரியல. தெரியலன்னா காலின்னு அர்த்தம். அதான் ஆறு," என்றார் பெரிய டாக்டர்.

இந்த இடத்தில் பிளம்பர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். அது அவருக்கே தெரியும். கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் முப்பத்தெட்டு வருஷத் தொழில் ஒன்று தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. பெரிய டேங்க்கு வெளியில, மட்டம் பாக்க ஒரு கண்ணாடிக் குழாய் வெப்போம். டேங்க் காலியா இருந்தா அதுல கோடு தெரியாது. கண்ணாடிக்கு மேலயும் ஏறி நிறைஞ்சுட்டாலும் கோடு தெரியாது. ரெண்டும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். புதுசா வேலைக்கு வரவன் எல்லாம் காலின்னு நினைச்சு மோட்டாரப் போட்டுடுவான். அப்புறம் தெருவெல்லாம் தண்ணி."

புதிதாக வேலைக்கு வருபவன் என்ற சொல் எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்க்கத் துணியவில்லை.

"அப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

"உயரமான கண்ணாடி போட்டுப் பாப்போம். என்னைச் சாய்ச்சுப் போட்டிருக்கீங்க. நிமித்தி உக்கார வைங்க, குழாய் உயரமாயிடும்."

உட்காரவைத்தார்கள். கருவி மறுபடி கீழிருந்து கிளம்பியது. வட்டம், வட்டம், பாதிக் கழுத்தைத் தாண்டியதும் வட்டம் மூச்சுக்கு மூச்சு நசுங்கிச் சப்பையாகி மூடிக்கொண்டது. சிஸ்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, நெஞ்செலும்பின் மேட்டிலிருந்து நிமிர்த்திப் பிடித்த ஸ்கேலில் அளந்தார். பத்து. அதற்கும் கீழே இதயம் வரைக்கும் ஐந்து.

"பதினஞ்சு சார்."

பெரிய டாக்டர் டார்ச்சைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு வைத்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில், கணக்கில் தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் வந்து போனான். அடுத்த நிமிஷம் திரும்பி ஆறு பேரையும் பார்த்தார்.

"கவனிச்சீங்களா? மட்டம் தெரியலன்னா, உக்கார வெச்சுப் பாக்கணும். இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

ஆறு பேனாக்களும் குனிந்தன.

"அப்ப சனிக்கிழமை?" என்றார் பிளம்பர்.

"சனிக்கிழமை இங்கதான்," என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு மனைவி சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்க வாய வெச்சுக்கிட்டு நான் பட்ட பாட்டுக்கு, இன்னிக்குத்தாங்க அது ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு."

நீர் பிரியப் போடும் ஊசி இரட்டிப்பானது. பிளம்பர் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். நடக்கும்போதே அங்கிருந்த வாஷ்பேசின் குழாயின் வாஷரைப் பற்றி இரண்டு குறை சொன்னார். சனிக்கிழமை காலை மகள் போன் செய்தாள். தண்ணீர் திறந்தாயிற்று.

"எங்கயாவது கசியுதா?"

"இல்லப்பா. எங்கயும் இல்ல."

"மாடி பாத்ரூம்ல?"

"அங்கயும் இல்லப்பா. மாமா நல்லா செஞ்சிருக்காரு."

பிளம்பர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நாளைக்குக் கசியும்," என்றார்.

அன்று இரவு அவர் படுத்துத் தூங்கினார். குறட்டையில் பன்னிரண்டாம் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். மனைவிக்கு அந்தக் குறட்டையைக் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. எழுப்பச் சொன்னவரிடம், "இருக்கட்டுங்க, கொஞ்ச நேரம்" என்றாள்.

ஆறாம் நாள் கருவி ஏழு என்று காட்டியது. ஏழு கிலோ தண்ணீர் இறங்கியிருந்தது, பாதி வயிற்றிலிருந்து. ஆஸ்பத்திரியின் மாத இதழில் 'கழுத்தில் கண்ட உண்மை: எமது புதிய முறை' என்ற தலைப்பில் பெரிய டாக்டர் கட்டுரை எழுதியிருந்தார், அதற்கு நோயாளியோடு ஒரு படம் தேவைப்பட்டது. வார்டு வாசலில் மகள், மருமகன், மச்சான், ஆறு சின்ன டாக்டர்கள், எல்லோரும் கூடியிருந்தார்கள். சிஸ்டரைச் சற்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வந்த அன்று போட்டிருந்த பேண்ட்டையே பிளம்பர் போட்டிருந்தார். வலது கையால் அதன் இடுப்பை நழுவாமல் பிடித்திருந்தார். இடது கையில் மருந்துப் பை. போட்டோக்காரர் தயார் என்றார். பெரிய டாக்டர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி கை குலுக்க வலது கையை நீட்டினார்.

பிளம்பரும் வலது கையை நீட்டினார்.