நாய் எந்த அத்தியாயத்தில் வருகிறது?

எங்கள் பதிப்பகத்துக்குத் திடீரென்று குழந்தைகள் மேல் பாசம் பொங்கிவிட்டது. பிள்ளைகள் பேரிலக்கியம் படிப்பதில்லை, இப்படியே போனால் நாளைய உலகம் என்ன கதியாவது என்று இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் ஏழு பேர் உட்கார்ந்து கவலைப்பட்டோம். கவலைப்பட்ட ஏழு பேரில் நான்கு பேர் மேசைக்கு அடியில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பெரிய நாவல்களைச் சுருக்கிப் படக்கதையாகப் போடுவோம், படத்தில் ருசி கண்ட பிள்ளைகள் தாமாகவே மூல நூலைத் தேடி ஓடுவார்கள் என்று கடைசியில் முடிவாயிற்று. ஓடுகிற பிள்ளைகளை நினைத்து எல்லோரும் ஒரு முறை கைதட்டினோம்.

முதலில் எடுத்துக்கொண்டது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்க நாவல். அதற்கு அழகான பெயர் உண்டு, ஆனால் அலுவலகத்தில் அதை யாரும் 'தலையணை' என்பதைத் தவிர வேறு எப்படியும் சொல்வதில்லை. பெரிய குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒரு பெண், பதினெட்டு வருடம் கழித்து அந்த வீட்டை விட்டு வெளியேறுகிற கதை.

"இதைச் சுருக்கணும்னா யாராவது முழுசாப் படிச்சிருக்கணுமே?" என்றார் பொறுப்பாசிரியர் அம்மா. அறையில் எல்லோருக்கும் திடீரென்று மேற்கூரையைப் பார்க்க வேண்டியிருந்தது.

"நான் மூணு தடவை படிச்சிருக்கேன் மேடம்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

உண்மையை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, நீங்கள் ஒன்றும் என் மேலதிகாரி இல்லையே. கல்லூரியில் தலையணை எங்களுக்குப் பாடம். நல்ல பிள்ளையாக வாங்கினேன், நாற்பத்தொன்பது பக்கம் படித்தேன். அங்கே அந்த வீட்டாரின் வம்சாவளி ஆரம்பித்தது. தாத்தாவுக்குத் தாத்தா எந்தத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார் என்று வாசிக்க எனக்குப் பொறுமையில்லை. மூடி வைத்துவிட்டு, தேர்வுக்காகவே அவதாரம் எடுத்த இருபத்திரண்டு பக்க நோட்ஸ் ஒன்றை வாங்கினேன். மூன்று தடவை படித்தது அதைத்தான். கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கி, மேடையில் ஏறிக் கோப்பையும் வாங்கிக்கொண்டேன். பொய் பிறக்கும்போது சின்னதுதான், அதற்கு இருபது வருடமாகத் தீனி போட்டு வளர்த்தவன் நான்.

ஆகவே படக்கதையையும் அதே நோட்ஸை வைத்துத்தான் எழுதினேன். மூன்று வாரத்தில் அறுபத்துநான்கு பக்கம். நோட்ஸில் கடைசிக் காட்சி ஒரே வரி: 'நாயகி வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேறுகிறாள்.' பக்கத்தில் 'ஐந்து மதிப்பெண்' என்று போட்டிருந்தது. நானும் ஓவியருக்கு அப்படியே எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண்ணை மட்டும் விட்டுவிட்டு.

ஓவியர் வரைந்து கொண்டுவந்த பக்கங்களில் ஒரு நாய் இருந்தது.

பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது, கழுத்தில் சிவப்புப் பட்டை. நாயகி அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, துணி உலர்த்தும்போது கூடவே நின்றது. கடைசிப் பக்கத்தில் வாசற்படியில் படுத்து, அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆகா, நாவலில் நாய் இருக்கிறது, நோட்ஸ்காரன் விட்டுவிட்டான், இந்த மனுஷன் நிஜமாகவே படித்திருக்கிறார் என்று மனதுக்குள் ஓவியருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

"நாய் அருமை சார்" என்றார் பொறுப்பாசிரியர் அம்மா என்னிடம். "மூலத்துல உள்ளதை விடாமப் பிடிச்சிருக்கீங்க."

"விட முடியுமா மேடம்? அதுதானே கதையோட உயிரு."

நாய் அட்டைக்கு வந்தது. புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த சாவிக்கொத்திலும் தொங்கியது. கடைசிப் பக்கத்தின் அடியில் நானே ஒரு வரி சேர்த்தேன்: 'இதன் பிறகு என்ன ஆயிற்று? மூல நாவலைப் படியுங்கள்!' இலக்கியச் சேவை என்றால் முழுதாகச் செய்துவிட வேண்டும்.

பிள்ளைகள் புத்தகத்தைக் கொத்திக்கொண்டு போனார்கள். பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் நாய், நாய், நாய். மூல நாவலைக் கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதினோம்.

அதன் பிறகுதான் என் வீட்டிலேயே ஒருத்தி கிளம்பினாள்.

என் மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். பதினோரு வயது. அதுவரை அவள் விரும்பிப் படித்தது ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் மட்டும். படக்கதையை ஒரே மூச்சில் படித்து, கடைசிப் பக்கத்தில் அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போனாள். அங்கே என் கோப்பைக்குப் பக்கத்தில், இருபது வருடமாக அலங்காரத்துக்கு நின்றிருந்த தலையணையைத் தூக்கினாள்.

"எதுக்குடா செல்லம்?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீங்கதானே படிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க? அந்த நாய் அப்புறம் என்னாச்சுன்னு பார்க்கணும்."

நாலு நாளில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள், கையில் தலையணை, இன்னொரு கையில் ஸ்டீல் அடிக்கோல். வரி தவறாமல் இருக்க வைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

"தரையெல்லாம் பேப்பர் தூளு" என்று என் மனைவி பெருக்கியபடியே முணுமுணுத்தாள். "படிக்கிறாளா, எலி மாதிரி கரண்டுறாளா?" அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாரிடம் என்ன குறை என்று ஒரு சொட்டில் சொல்லிவிடுவாள். என் குறைகள் அவளுக்கு என்றைக்கோ தெரியும்.

ஆனால் சிட்டுவுக்குத் தெரியாது. 'எங்கப்பா தலையணையை மூணு தடவை படிச்சவர்' என்று பள்ளியில் சொல்லித் திரிகிறவள் அவள். உலகத்திலேயே எனக்கு இருக்கிற ஒரே ரசிகை. அவளை இழக்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"அப்பா, இருநூறு பக்கம் வந்துட்டேன். நாய் எந்த அத்தியாயத்துல வருது?"

"அவசரப்படாதே. பெரிய எழுத்தாளருங்க மெதுவாத்தான் கொண்டுவருவாங்க."

முந்நூற்றைம்பதில் மறுபடி கேட்டாள். "இன்னும் நூறு பக்கத்துல வரும்" என்றேன். நானூற்றைம்பதிலும் வரவில்லை. இரண்டு வாரம் சமாளித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அலுவலகத்தில் ஓவியரின் மேசைக்கே போனேன்.

"சார், அந்த நாய் எந்த அத்தியாயத்துல வருது? சட்டுனு ஞாபகம் வரல."

"எந்த நாய்?" என்றார் ஓவியர்.

"உங்க நாய் சார்."

"அதுவா! நீங்க 'திரும்பிப் பார்க்கிறாள்'னு எழுதியிருந்தீங்க. எதைப் பார்க்கிறான்னு எழுதல. ஒரு எடமில்ல, முப்பது எடத்துல. யார்கிட்டயோ பேசற மாதிரி நிக்கிறா, எதிர்ல ஆளே கிடையாது. காலி எடத்தைப் பார்த்துப் பேசினா அவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பசங்க நினைக்கும். அதான் ஒரு நாயைப் போட்டேன்."

"நாவல்ல நாய் இல்லையா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் படம் வரையறவன். தப்புன்னா நீங்க சொல்லியிருப்பீங்களே, மூணு தடவை படிச்சவராச்சே."

பொறுப்பாசிரியர் அம்மாவின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"மூலத்துல நாய் இல்லைன்னா அது மூலத்தோட குறை சார். யார் போய்ப் பார்க்கப் போறா?"

"என் மக பார்த்துக்கிட்டிருக்கா மேடம்."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "எதுக்கு?"

"நாமதானே கடைசிப் பக்கத்துல படிக்கச் சொல்லியிருக்கோம்?"

"ஐயோ, அது சும்மா போடறது! அதை நம்பி யாராவது படிப்பாங்களா?" என்று நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "குழந்தையை வேற ஏதாவது விளையாட்டுல சேர்த்து விடுங்க சார். நீச்சல் மாதிரி."

பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கிய திட்டம், ஒரு பிள்ளை படித்ததால் இப்படி ஆபத்தில் மாட்டிக்கொண்டது.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் உடைத்துச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் சிட்டு உட்கார்ந்திருந்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய, பக்கம் எழுநூறைத் தாண்டியிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நாய் இன்னும் வரலப்பா" என்றாள்.

"கடைசியில வரும்" என்றேன். இப்படி ஒரு கோழையை அப்பனாகப் பெற்ற பிள்ளையை நினைத்து எனக்கே பரிதாபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தை முடித்தாள். மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், செருப்பு அவள் பக்கம் கிடந்தது.

"நாய் இல்லப்பா."

"அது வந்து, செல்லம்..."

"பெரிய நாத்தனார்தான் இருக்காங்க."

"யாரு?"

"அவ புருஷனோட அக்கா. கட்டிக்கொடுத்த எடத்துல வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்பவும் வாசல்கிட்ட உக்காந்து எல்லாரோட சட்டைக்கும் பொத்தான் தைச்சுக்கிட்டிருப்பாங்க. அவங்ககிட்ட யாருமே பேச மாட்டாங்க, இவ மட்டும்தான் பேசுவா. அழும்போது பக்கத்துல இருக்கிறது, துணி காயப்போடும்போது கூட நிக்கிறது, எல்லாம் அவங்கதான்." மூக்கை உறிஞ்சினாள். "கடைசியில இவ, 'நீங்களும் வாங்க'ன்னு கூப்பிடுவா. அவங்க பையெல்லாம் எடுத்து வச்சிருப்பாங்கப்பா. ஆனா வர மாட்டாங்க. 'நீ போ, நான் கதவைச் சாத்திக்கிறேன்'னுடுவாங்க. அதுக்குத்தான் திரும்பிப் பார்க்கிறா."

நான் மேசையில் கிடந்த படக்கதையைக் கவிழ்த்து வைத்தேன்.

"நீங்க அவங்களுக்குக் கழுத்துல பட்டை கட்டி விட்டிருக்கீங்க" என்றாள்.

அவள் பள்ளிப் பையின் ஜிப்பைப் பார்த்தேன். இரண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த நாய்ச் சாவிக்கொத்து அங்கே இல்லை. கோப்பை வாங்கியபோது கைதட்டியவர்கள் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து போனதுபோல் இருந்தது.

"சிட்டு, நான் இந்தப் புத்தகத்தை..."

"படிக்கல. தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரெண்டாம் நாளே. நாப்பத்தொன்பதுக்கு அப்புறம் பக்கமெல்லாம் மேல ஓரத்துல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, அச்சடிச்ச எடத்துல வெட்டாம விட்டுட்டாங்க. நான்தான் அடிக்கோலை விட்டு ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பிரிக்காம எப்படிப்பா மூணு தடவை படிச்சீங்க?"

சமையலறையில் என் மனைவி சிரிப்பை அடக்க ஒரு பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

"அப்புறம் ஏம்மா என்கிட்ட நாய் எங்கே, நாய் எங்கேன்னு கேட்டே?"

"எப்ப உண்மையைச் சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றாள். "அப்புறம் கதை நல்லா இருந்துச்சு, அதுல மறந்துட்டேன்."

எழுந்து வந்து தலையணையை என் மடியில் வைத்தாள். ஆரம்பப் பக்கங்களுக்கு இடையிலிருந்து என் பழைய தேர்வு நுழைவுச் சீட்டு எட்டிப் பார்த்தது, மீசை அரும்பிய என் புகைப்படத்தோடு.

"உங்க சீட்டை எடுத்த எடத்துலயே வச்சிருக்கேன். எதுவும் கலைக்கல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

நாற்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். தாத்தாவுக்குத் தாத்தா இன்னும் திண்டில் சாய்ந்துதான் இருந்தார். அவரைப் பொறுத்துக்கொண்டு அடி வரை படித்து, அடிக்கோலால் பிரித்ததில் ஓரம் பிசிறியிருந்த தாளைத் திருப்பினேன். ஐம்பதாம் பக்கத்தின் மூன்றாவது வரியில், கையில் ஊசி நூலோடு, பெரிய நாத்தனார் வாசலில் வந்து உட்கார்ந்தார்.