எட்டு நிமிடம்

என் தங்கச்சியின் ஆய்வுக் கட்டுரையை இதுவரை ஆயிரத்து நாற்பத்தாறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னுடையதை நான்கு பேர். அதில் இரண்டு பேர் நானேதான்.

பொறாமை என்றால் பொறாமைதான், போங்கள். இருவருக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே அவசர சிகிச்சைப் பிரிவு. நான் நர்ஸாக ரத்தத்திலும் வாந்தியிலும் பதினேழு வருடம் நின்றேன். அவள் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நாளைக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் யாருக்கு? அவளுக்கு. "சின்னவ பேரு எங்கெங்கயோ தெரியுதாம்டி" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும்.

கட்டுரை வெளிவந்தபோது முதல் பிரதியை என் கையில்தான் கொடுத்தாள். அடி டிராயரில் போட்ட நான் ஆறு வருடமாக அதைத் தொடவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆத்திரம் தாங்காமல் அதைத் தேடி எடுத்தேன். எங்கேயாவது ஓட்டை இல்லாமலா போகும்? இருந்தால் தேர்வுக் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி.

நெஞ்சு வலி என்று வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஈசிஜி டெக்னீஷியன் நீண்ட விடுப்பில் போயிருந்த காலத்தின் அறுநூறு நோயாளிகளின் பதிவுத் தாள்களை அவள் அலசியிருந்தாள். டெக்னீஷியன் இல்லாமலேயே, இருக்கிற நர்ஸுகளே சராசரி எட்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள் என்பது முடிவு.

எட்டு.

அந்தத் தாள்களில் ஈசிஜி எடுத்த நேரத்தை எழுதியது நான். அந்த அமளியில் யார் கடிகாரத்தைப் பார்த்தார்கள்? ஷிஃப்ட் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நோயாளி வந்த நேரத்தோடு ஏழோ எட்டோ ஒன்பதோ கூட்டி எழுதுவேன். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டால் சந்தேகம் வரும் என்கிற சாமர்த்தியம் வேறு! நாற்பது நிமிடம் ஸ்ட்ரெச்சரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த டாக்சி டிரைவருக்கும் எட்டுதான்.

முதலில் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆயிரத்து நாற்பத்தாறும் காலி! அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து. 'ஏதோ ஆய்வு சொல்கிறது' என்று நிர்வாகம் டெக்னீஷியன் வேலையையே எடுத்துவிட்டபோது, எந்த மகராசன் செய்த வேலை என்று வாய் ஓயாமல் திட்டினேனே, அந்த மகராசி நான்தான். இதை நம்பி இன்னும் எத்தனை ஊரில் டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்பினார்களோ, எத்தனை டிரைவர்கள் கிடக்கிறார்களோ.

அழைப்பு மணி அடித்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ள என் நீலக் கோட்டைக் கேட்டு வந்திருந்தாள் தங்கச்சி. கோட்டைக் கையில் வாங்கியவள் மேஜையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, என் கட்டுரை! நாளைக்கு என்ன கேப்பாங்கன்னு எனக்காகப் பார்த்துட்டிருக்கியாக்கா?"

சீ, என்ன பிறவி நான்.

"உட்காருடி. இதுல இருக்கற நேரமெல்லாம் நான் குத்துமதிப்பா எழுதினது."

"எதெது?"

"எல்லாமே."

அவள் கத்தவில்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப முடிவே தப்பு. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறேன்னு இதழுக்கு எழுதணும். நாளைக்கு நான் போக முடியாது." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா, வெளிவந்தப்பவே சொல்லியிருக்கலாமே? முதல் பக்கத்துலயே எட்டு நிமிஷம்னு போட்டிருக்கே."

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னைக்குத்தான்டி படிச்சேன்."

பிரதியை எடுத்துப் புரட்டினாள். ஆறு வருடமாகியும் ஓரம்கூட மடங்காத தாள்கள்.

"ஆயிரத்து நாப்பத்தாறு பேருன்னு அம்மா எண்ணிட்டிருந்தாங்க" என்றாள். "நீ படிச்சிருப்பேன்னு நான் உன்னையும் சேர்த்து ஆயிரத்து நாப்பத்தேழுன்னு எண்ணிட்டிருந்தேன்."

கோட்டை மடித்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, என் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.