இடுப்புக்குக் கனமாக ஒன்று

துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்களுக்குக் கழிப்பறைதான் பெரிய சோதனை. பெல்ட்டைத் தளர்த்தினால் உறை சாயும். சாய்ந்தால் துப்பாக்கி தரையில் விழும். எங்கேயாவது அதை வைத்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கால்களுக்கிடையில் இறங்கிக் கிடக்கும் கால்சட்டைக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். அதை எடுக்காமல் எழுந்திருக்க முடியாது, மறதிக்கு இடமே இல்லை.

டெல்பர்ட் கிரம்முக்கு இது தெரியாததல்ல. அவரே பலபேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர்க்கோடியிலிருக்கும் கெளுத்தி மீன் கடையில், முழங்கால் வலியில் குனியப் பிடிக்காமல், கதவின் உள்பக்கத்துக் கொக்கியில் அதை உறையோடு மாட்டினார். கை கழுவினார். வெளியே வந்து, வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டு உட்கார்ந்தார். அந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே கழிப்பறை. அடுத்து உள்ளே போனது அவருடைய பேத்தி டெஸ்ஸா. ஆறு வயது.

அவள் இரண்டு கைகளிலும் அதை ஏந்திக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்து வந்தாள்.

"தாத்தா, இத விட்டுட்டு வந்துட்டீங்க."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெல்பர்ட்டின் மகள் ஷெல்பி எழுந்து, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, துப்பாக்கியை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டெஸ்ஸாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பெற்றவர்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று.

"டெஸ்ஸா இருக்கிற எடத்துக்கு அது வரக்கூடாதுப்பா. நீங்க வரலாம். அது வரக்கூடாது."

"அவ இருக்கிற எடத்துலதாம்மா அது வேணும்," என்றார் டெல்பர்ட். "எனக்காகவா வச்சிருக்கேன்?"

கடைக்காரர் அந்தக் கொக்கிக்கு மேலே ஒரு அட்டை எழுதி ஒட்டினார். 'டெல்பர்ட், எடுத்துக்கிட்டியா?' ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. டெல்பர்ட்டும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அட்டை பெரிதாகும் என்று அவருக்குத் தெரியும்.

நாற்பது வருஷமாக ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை மேலே இழுத்துப் பழுது பார்த்தவர் அவர். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. இந்தக் கோளாறையும் அப்படித்தான் பிரித்துப் போட்டுப் பார்த்தார். அவர் சட்டைக்குள் வைத்திருந்தது உள்ளங்கையில் அடங்குகிற சின்னது. ஒரு பவுண்டுகூட இல்லை. நாள் முழுவதும் இடுப்பில் இருந்தாலும் இருக்கிற உணர்வே வராது. உணர்வில்லாத பொருள் மறந்துபோகும். ஆகவே கோளாறு எடையில் இருக்கிறது.

ஏப்ரலில் வாண்டாவின் கடைக்குப் போனார். ஒரு பக்கம் தூண்டில் புழு, மறு பக்கம் துப்பாக்கி என்று நடத்துகிறவள் வாண்டா. அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"வா டெல். பழசு எங்க? கொக்கியிலயா?"

"பேசி முடிச்சிட்டியா? பெரிய ரிவால்வர் ஒண்ணு காட்டு. தெனமும் வச்சிக்கறதுக்கு."

"பெரிசுன்னா எவ்வளவு பெரிசு?"

"இருக்கிறதுலயே பெரிய ஃபிரேம்."

வாண்டா கண்ணாடியை மூக்கில் இறக்கி அவரைப் பார்த்தாள். "அத இடுப்புல மறைக்கப் போறியா? கரடிக்குப் பயந்தவன்தான் அத வாங்குவான். ஊர்ல கரடி வந்திருக்கா?"

ரிவால்வரில் ஃபிரேம் என்பது எலும்புக்கூடு மாதிரி. குழலும், தோட்டாக்கள் உட்காரும் உருளையும், விசையும், கைப்பிடியும் அதில்தான் கோத்திருக்கும். சின்ன ஃபிரேம் கோட்டுப் பைக்குள் போகும், உருளையில் ஐந்து தோட்டாதான் பிடிக்கும். பெரிய ஃபிரேமில் தடித்த தோட்டா ஆறு பிடிக்கும். உருளையே ஒரு சூப் டப்பா அகலம். அது விலாவில் இடிக்கும், சட்டையைத் தூக்கிக் காட்டும், பெல்ட்டைக் கீழே இழுக்கும். நாள்தோறும் மறைத்து வைக்க அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அபூர்வம். வாண்டா வெல்வெட் விரிப்பின் மேல் மூன்றை எடுத்து வைத்தாள். டெல்பர்ட் ஒவ்வொன்றாகத் திறந்து, உருளை காலி என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். கறிக்கடையில் ஈரல் வாங்குகிறவர் மாதிரி.

"இது ரெண்டே முக்கால் பவுண்டு இருக்குமா?"

"தோட்டா போட்டா மூணத் தாண்டும். டெல், எல்லாரும் எடை கம்மியா கேப்பாங்க."

"எல்லாரும் மறக்கல."

அவர் குரல் அதில் கொஞ்சம் இறங்கியது. வாண்டா கேலியை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எடை பாதிதான். மறுபாதி விசை. ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். பின்பக்கத்துச் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் விசை மெழுகாகிவிடும், தொட்டாலே வெடிக்கும். அப்படி நிறுத்தாமல் விசையை மட்டும் அழுத்தினால், அந்த ஒரே இழுப்பு உருளையையும் திருப்ப வேண்டும், சுத்தியலையும் தூக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஒற்றை விரலில் தூக்குகிற பாடு. ஆறு வயது விரலால் ஆகாது. டெல்பர்ட் இதைக் காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தார்.

"சுத்தியலோட வால அறுத்துடு. உள்ள அது நிக்கற பல்லையும் தேய்ச்சிடு. நிறுத்தவே முடியக்கூடாது. எப்பவும் நீள இழுப்பு மட்டும்தான்."

"செஞ்சு தரலாம். முன்னாடி நீ இழுத்துப் பாரு."

கடைக்குப் பின்னால் மண்மேட்டுக்கு எதிரே சுடுகிற இடம். டெல்பர்ட் காதை அடைத்துக்கொண்டு நின்றார். விரல் முட்டிகளில் வாதம். முதல் இழுப்பு பாதியில் நின்றது. இரண்டாவதில் இடது கை விரலையும் சேர்த்து இழுத்தார். குண்டு அட்டைக்குப் பக்கத்திலிருந்த மண்ணைக் கிளப்பியது. ஆறில் ஒன்று அட்டையின் மூலையைக் கிழித்தது.

"குழந்தையால சுட முடியாது, சரி," என்றாள் வாண்டா. "உன்னாலயும் முடியலயே."

"பழகினா வந்துடும்."

"ஸ்ப்ரிங்க எளக்கித் தரட்டுமா?"

"எளக்கினா அவளுக்கும் எளகும்."

வாண்டா தோட்டா ஓடுகளைக் காலால் ஒதுக்கினாள். "ஷெல்பி என்ன கேட்டா உன்கிட்ட? கனமா ஒண்ணு வாங்கிக்கோன்னா கேட்டா?"

"அவளுக்கு எடுத்துச் சொன்னா புரியும். படிச்ச பொண்ணு."

"நான் விக்கிறவ டெல். எடுத்துக்கோ. ஆனா நாளைக்கு நான்தான் யோசனை சொன்னேன்னு சொல்லிடாத."

மே மாதம் வேலை முடிந்து கைக்கு வந்தது. அதற்கு ஏற்ற உறை, உறைக்கு ஏற்ற இரட்டைத் தோல் பெல்ட், பெல்ட்டைத் தாங்க தோள்வார். பெல்ட் மெல்லியதாக இருந்தால் உறை வெளிப்பக்கம் சரிந்து துருத்தும். தடித்திருந்தால் உடம்போடு ஒட்டும். கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, படுக்கையறை நிலைக்கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தபால் நிலையத்துக்குப் போனார், தேவாலயத்துக்குப் போனார், மீன் கடைக்கே போனார். ஒருவருடைய கண்ணும் இடுப்பில் தங்கவில்லை. கனம் எப்போதும் இருந்தது. இடுப்பெலும்பின் மேல் ஒரு இடம் நீலமாகக் கன்றிப்போயிற்று. அதைத் தொட்டுப் பார்க்கையில் அவருக்கு ஒரு திருப்தி.

ஜூனில் டெஸ்ஸாவுக்கு ஏழு முடிந்தது. ஷெல்பி அம்மாவைக் கூப்பிட்டுப் பிறந்தநாளுக்கு வரச்சொன்னாள். "அப்பாவும் வரட்டும். அது இல்லாம."

டெல்பர்ட்டின் மனைவி மேவிஸ் பீச் பழம் உள்ளே வைத்து, பை என்கிற பலகாரம் சுட்டாள். வண்டியில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டபோது கேட்டாள்.

"வீட்ல வச்சிட்டுத்தான வந்த?"

"ம்."

மேவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பலகாரத்தின் மேல் போர்த்திய துணியை இழுத்துச் சரிசெய்தாள். டெல்பர்ட்டுக்கு இது பொய்யாகவே படவில்லை. கேக் வெட்டி முடிந்ததும் மகளைத் தனியே கூப்பிட்டு, தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, விசையை அவளையே இழுக்கச் சொல்லிக் காட்டப் போகிறார். இவ்வளவு நேரம் பக்கத்திலேயே இருந்தது, யாருக்காவது தெரிந்ததா என்று கேட்கப் போகிறார். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

புல்வெளியில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் டெஸ்ஸா வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வழக்கம், ஓடி வந்த வேகத்திலேயே தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தலையால் வயிற்றில் முட்டுவது. டெல்பர்ட் கைகளை விரித்தார்.

இரண்டடி தள்ளி அவள் நின்றுவிட்டாள். பார்வை அவர் முகத்தில் இல்லை. நேர் எதிரே, அவர் இடுப்பில் இருந்தது. அவள் கண்ணின் உயரமே அதுதான். சட்டை விளிம்பு துருத்திய இடைவெளியில், உள்ளே உறையின் தோல்முனை ஒரு விரற்கடை தெரிந்தது. மேலேயிருந்து பார்க்கிற பெரியவர்கள் யாருக்கும் தெரியாதது.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பிப்ரவரிக்குப் பிறகு ஷெல்பி தினமும் சொல்லிக்கொடுத்தது அது. நில், தொடாதே, தள்ளிப் போ, பெரியவரிடம் சொல்.

"தாத்தாகிட்ட வாடி செல்லம்."

"நான் தொடல தாத்தா," என்றாள் டெஸ்ஸா. அப்படியே பின்னால் நடந்தாள், பாடம் ஒப்பிக்கிற முகத்தோடு. பிறகு திரும்பி ஓடினாள். "அம்மா, தாத்தாகிட்ட அது இருக்கு."

ஷெல்பி கையில் காகிதத் தட்டுகளோடு வந்தாள். கோபமாக வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேளும்மா, இது வேற. அவளால இத இழுக்கவே முடியாது. காட்டறேன் பாரு."

"இழுக்க முடியாதுன்னா சொன்னேன்? வரக்கூடாதுன்னு சொன்னேன்."

"மறக்கவும் முடியாதும்மா. அதுக்குன்னுதான் இவ்வளவு கனமா…"

"நீங்க மறக்கலப்பா. அதான் எனக்கு வயித்தெரிச்சல். இன்னிக்கி ஞாபகமா மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க." அவள் இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியிலிருந்து பலகாரத்தை வாங்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போயி வச்சிட்டு வாங்க. இருபது நிமிஷம். கேக்க வெட்டாம வச்சிருக்கேன்."

"வண்டிக்குள்ள வைக்கட்டுமா?"

"வண்டியில வச்சா எவனாவது ஒடச்சி எடுப்பான்னு நீங்கதானப்பா ஊருக்கெல்லாம் சொல்றீங்க."

டெல்பர்ட் ஏறி வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலில் மேவிஸ் என்ஜினை அணைக்க விடாமல், இருக்கையில் நகர்ந்து தானே ஸ்டியரிங்குக்கு வந்தாள். "சீக்கிரம் வா."

டெல்பர்ட் படுக்கையறைக்குப் போனார். இரும்புப் பெட்டியின் சாவியைக் கையில் எடுத்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் அவருக்குக் காரணம் பிடிபட்டது. நாற்பது வருஷமாகப் பிடிபட்டு வந்த அதே விதத்தில், பளிச்சென்று. இத்தனை நாளும் தன் உயரத்திலிருந்தல்லவா பார்த்திருக்கிறார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். மண்டியிட்டால் தன் இடுப்பும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. கண்ணாடியை முன்பக்கம் சாய்த்தார், தலையைத் தாழ்த்தினார், ஏழு வயதின் கோணத்தைத் தேடினார்.

வெளியே ஹாரன் ஒருமுறை ஒலித்தது. சற்றுப் பொறுத்து மேவிஸ் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"முனை தெரியுது மேவிஸ். அதான் விஷயமே. சட்டை ரெண்டங்குலம் நீளம் பத்தல. இல்லன்னா குழல்ல ஒரு அங்குலம் கம்மியா வாங்கியிருக்கணும். அவ கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி அமஞ்சிருக்கு பாரேன்."

மேவிஸ் மேஜைமேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"அவ கண்ணுக்கு மட்டும்," என்றாள். பிறகு போய்விட்டாள். சரளைக்கற்கள் மேல் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. சாலையில் ஏறி, தேய்ந்து போயிற்று.

டெல்பர்ட் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் நிமிர மறுத்தது; வலப்பக்கம் மூன்று பவுண்டு தரையை நோக்கி இழுத்தது. கட்டிலைப் பிடித்து இரண்டு தடவை முயன்றார். ஆகவில்லை. கடைசியில் உறையைக் கழற்றி, துப்பாக்கியோடு மெத்தைமேல் வைத்தார். அது இல்லாமல் எழுந்திருப்பது சுலபமாக இருந்தது. நின்று மூச்சு வாங்கினார். பிறகு, மறந்துவிடக்கூடாதே என்று, அதை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.