நாலு பேர் ஊற்றிய தண்ணீர்

பிக்கப் வண்டியை வாங்க மத்தியானம் ஆள் வருகிறது. அதற்குள் அது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும் மருமகளுக்கு.

வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் என்று ஏற்றி இறக்கும் வேலை அவளுடையது. ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது. ஆனால் போன வாரம், மேம்பாலத்தின் உச்சியில், யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரியைச் சுமந்துகொண்டு வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. அது இரண்டாவது தடவை.

"இனிமே உன்னை நடுரோட்டுல நிக்க விட என்னால முடியாது. குடுத்துடுவோம்" என்றான் கணவன்.

"ஒழுகறதை அடைச்சுட்டா?"

"அடைச்சுட்டா நீயே வச்சுக்கோ. யார் வேண்டாம்னா?"

அவன் சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, காலையிலேயே பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள்.

முன் சக்கரத்தின் பக்கம் வழக்கம்போலக் குட்டி குளம் கட்டியிருந்தது. ரேடியேட்டர் கடைக்காரரோ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்திருந்தார். எழுந்து பானெட்டைத் தூக்கினாள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு கோடுகள் உண்டு. தண்ணீர் மேல்கோட்டையும் தாண்டிக் கழுத்துவரை தளும்பியது. ஒழுகுகிற வண்டியில் எப்படித் தளும்பும்?

"அத்தை, இந்த டப்பால யாராவது கை வச்சீங்களா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். "நான்தான். நீ பாவம், அவசரத்துல மறந்துடுவியேன்னு தினம் ஒரு ஜக் ஊத்தறேன்."

பல் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "நானும்தான் அண்ணி. ராத்திரியில."

நாற்காலியில் இருந்த கணவனின் முகத்துக்கு முன்னால் செய்தித்தாள் மெல்ல உயர்ந்தது.

"என்னங்க?"

"ஒரு பாட்டில்தான். சின்ன பாட்டில்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் தினமும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஆளுக்கு ஆள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊற்றியது, என்ஜின் சூடானதும் டப்பாவிலிருந்து வழிந்து குளமாகியிருக்கிறது. அந்தக் குளத்தைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் முன்பக்கத்தையே நோண்டியிருக்கிறார்கள். உண்மையான ஓட்டை வேறெங்கோ சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கூலன்ட்டின் பச்சை நிறமும் வெளுத்துப் போனதால், அங்கே கசிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

"வண்டியைக் குளிப்பாட்டியே கொன்னுட்டோம்!" என்றாள். மாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய தண்ணீரை வாளியில் வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட்டைக் கலந்து ஊற்றினாள். பச்சைப் பசேலென்று இருந்தது. "இதை யாராவது தொட்டீங்க, அப்புறம் இருக்கு" என்று மூன்று பேரையும் பார்த்துச் சொல்லிவிட்டு என்ஜினைப் போட்டாள். சூடேறியது. விசிறி சுற்றியது. முன்பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை.

மாமியார் மூக்கை விடைத்து முகர்ந்தாள். "எங்கேயோ சர்க்கரைப் பாகு காயுதே?"

"எந்தப் பக்கம் அத்தை?" சூட்டில் காயும் கூலன்ட்டுக்கு அந்த வாசனைதான்.

மாமியார் மூக்காலேயே வழி காட்டினாள். என்ஜினுக்குப் பின்னால், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கழுத்தில், நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தொடும் முன்பே சூட்டில் காய்ந்துவிடுகிறது. குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் துருப்பிடித்து, அதற்கடியில் ரப்பர் வெடித்திருந்தது.

"மாட்டிக்கிட்டியா கள்ளா!" என்று கத்தினாள்.

சூடு ஆறும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. அந்தக் காத்திருப்புதான் அவளைக் கொன்றது. கொழுந்தன் புதுக் கிளாம்ப் வாங்க ஓடினான். ஒருவழியாக ஆறியதும் குழாயை உருவினாள். அவள் கையில் குழாய் இருக்கும்போதே வாங்க வந்தவர் வாசலில் நின்றார்.

"வண்டி ஓடும்னீங்க, பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"உட்காருங்க சார், இதோ கோத்துடறோம்" என்று மாமியார் அவருக்கு நாற்காலி போட்டாள்.

வெடித்த நுனியை பிளேடால் விரல் அகலத்துக்கு நறுக்கிவிட்டு, நல்ல பகுதியைச் சொருகி, கொழுந்தன் வாங்கி வந்த கிளாம்பை முறுக்கினாள். குறைந்த அளவுக்குக் கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று வெளியேற ஹீட்டரை முழுசாகத் திருகிவைத்தாள். குமிழிகள் நின்றதும் மூடியை இறுக்கினாள். "ஏறுங்க, மேம்பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துடலாம்."

வந்தவர் முன்சீட்டில், மற்ற மூவரும் கேபினுக்குள்ளேயே இருந்த பின்சீட்டில். உச்சி வெயிலில் ஹீட்டர் அனல் கக்கியது.

"இது வண்டியா, அடுப்பாம்மா?"

"அந்தக் குழாய் தாங்குதான்னு பார்க்கணும், பாலம் ஏறுற வரைக்கும் பொறுத்துக்கோங்க சார்."

பாலத்தின் ஏற்றத்தில் எல்லோர் கண்ணும் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல். அது நடுவில் போய் உட்கார்ந்தது. உச்சியிலும் அசையவில்லை. இறக்கத்தில் அவள் ஹீட்டரை அணைத்து ஜன்னலைத் திறந்ததும் காற்று குபீரென்று நுழைந்தது. பின்சீட்டிலிருந்து கைதட்டல் எழுந்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் கணவன்தான்.

"அருமையான வண்டி. எடுத்துக்கறேன்" என்றார் வந்தவர்.

"மன்னிச்சுக்கணும். விக்கலை" என்றான் கணவன்.

"அட, கடையைக் காலி பண்ணணும்னுதானே வண்டி தேடினேன்! என் சாமானையெல்லாம் யார் தூக்குவா?"

அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். கணவன் சரியென்று தலையை ஆட்டினான்.

பாலத்தடியில் ஓரமாக நிறுத்தி, "எத்தனாவது மாடி சார்?" என்றாள்.

"மூணாவது. லிஃப்ட் கிடையாது."

கொழுந்தன் மெதுவாகக் கதவுப் பிடியில் கை வைத்தான். அவன் திறப்பதற்குள் அவள் கியரை மாற்றி, அவர் கடை இருக்கும் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டாள்.